சோமனூர்க் குழாயும் ஒரு நோட்டீசும்

சோமனூரில் பஸ் மாற நிற்கிறேன். பேக்கரிச் சுவரில் புது நோட்டீஸ்: "குடிநீரில் சாக்கடை கலந்துள்ளது. மறு அறிவிப்பு வரும்வரை குடிக்க வேண்டாம்." தமிழில் மட்டும். அதற்கு நேர் கீழே, குழாயில் ஒரு பெண் குடம் பிடிக்கிறாள். தலைமுடியெல்லாம் தறிக்கூடத்துப் பஞ்சு. இடுப்புக் குழந்தைக்கும் அந்தத் தண்ணீரையே கையில் ஏந்திக் கொடுக்கிறாள்.

"அந்தம்மாகிட்ட யாரும் சொல்லலையாங்க?" என்று பேக்கரிக்காரரிடம் கேட்கிறேன்.

"காத்தால ஆட்டோவுல மைக் வெச்சுச் சொல்லிப்போட்டுத்தானுங்க போனாங்க. அது ஒரிசாப் புள்ளைங்க. அவங்க பாசையில எழுத இங்க யாருக்குங்க தெரியும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதே சுவரில், நோட்டீசுக்கு ஒரு முழம் தள்ளி, "தறி ஓட்ட ஆள் தேவை" என்று ஒரு போஸ்டர். தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் பளிச்சென்று அச்சடித்திருக்கிறார்கள். வேலைக்குக் கூப்பிடத் தெரிந்த பாஷை, விஷத்தைக் குடிக்காதே என்று சொல்ல மட்டும் தெரியாதாம்!

விறுவிறுவென்று போய்க் குழாயை மூடுகிறேன். குடிக்காதே என்று கையை ஆட்டுகிறேன். அவள் மிரண்டுபோய் என் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு பாதிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகி நின்று, என்னை முதலில் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கை காட்டுகிறாள்.