தராசில் தொங்கும் தனேஸ்வரன்

கடைசிச் சாக்கு இறங்கியதும் தனேஸ்வரன் சட்டையையும் செருப்பையும் கழற்றி எறிந்துவிட்டுத் தராசுக் கொக்கியைப் பிடித்துத் தொங்கிவிடுவான். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தின் நிறுவை மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடிந்தால் அடுத்த சரக்கு அவன்தான். தராசு முள் அவன் தலைக்கு மேலே. "எவ்வளவுங்க ஐயா?" என்று கத்துவான். கணக்கப்பிள்ளை இரகுநாதன் எட்டிப் பார்த்துச் சொல்வார். பார்மசியில் காசு போட்டு எடை பார்க்கிற மெஷினை அவன் நம்புவதில்லை. "அது காசுக்கு ஆசப்பட்டு கூட்டிச் சொல்லும்ங்க."

அவனுக்கு வேலை பசறை டவுனில், போன் திருத்துகிற கடையில். ஒல்லியென்றால் அப்படியொரு ஒல்லி. பஸ்ஸில் நின்றால் கம்பியென்று நினைத்து யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

அதற்கெல்லாம் அவனும் சேர்ந்து சிரிப்பான். போன வருசம் ரத்ததான முகாமில்தான் சுருக்கென்று தைத்தது. மனைவி சுலோஜனா கொழுந்து பறிக்கிறவள். ஜம்மென்று படுத்து ரத்தம் கொடுத்தாள். அவனை நர்ஸ் ஏற இறங்கப் பார்த்தார். "அம்பது கிலோ இல்லாம எடுக்க ஏலாது. ஒங்ககிட்ட எடுத்தா அடுத்த நிமிசம் ஒங்களுக்கே ஏத்தணும்." தனக்குக் கிடைத்த பால் பைக்கற்றில் பாதியைச் சுலோஜனா அவனுக்குக் கொடுத்தாள். அந்தப் பால் இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

அன்றே இரண்டு பெயின்ட் வாளிகளில் சீமெந்தைக் குழைத்து ஊற்றி, நடுவே ஒரு குழாயைச் செருகினான். முதல் நாள் வாளிதான் அவனைத் தூக்கியது. மறுநாள் கை வாய்வரை எழும்பாமல் சுலோஜனா சோறு ஊட்டினாள். பிறகு வந்தது பாருங்கள் ஒரு பசி! அவன் காலடிச் சத்தம் கேட்டாலே லயத்து வீட்டுக் கோழிகள் முட்டையை அமுக்கிக்கொண்டு ஓடின. "புதுசா தூக்குற ஒடம்புங்க. என்னா ஏதுன்னு அதுக்கு வெளங்குறதுக்குள்ள வளந்துரும்" என்பான். சொன்னபடியே புஜத்தில் ஒரு கொழுக்கட்டை எழும்பியது.

"சுலோ, தொட்டுப் பாரு. கல்லு!"

"ஆமாங்க, கல்லுதான். அரிசில கெடக்குமே, அது."

கை வளர்ந்தது. கிலோவும் கூடவே ஏறி வந்து, மழை பிடித்த நாளிலிருந்து நாற்பத்தெட்டிலேயே குந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி ரத்ததான முகாம். வெள்ளிக்கிழமை கொட்டுகிற மழையில் ஓடிவந்து தொங்கினான்.

"நாப்பத்தெட்டு."

"போட்ட சட்டையெல்லாம் கிழியுதுங்க ஐயா! அப்பவும் நாப்பத்தெட்டா?"

"கழிவு போகத்தான் தம்பி. மழை நாள்ல ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிப்போம்ல? அதே பழக்கத்துல..."

மடுவமே கூச்சலில் அதிர்ந்தது. "சட்டகூட இல்லாத மனுசன்ல என்னாங்கய்யா ஈரம்?" என்றாள் ஒருத்தி. "எங்க சாக்குல கழிச்சது பத்தாதுன்னு எம் புருசன்லயுமா?" என்று சுலோஜனா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அப்ப முள்ளு அம்பதுலயா நிக்கிது?" என்றான் தொங்கியபடியே தனேஸ்வரன்.

"கூரை ஒழுகுற மழைத்தண்ணில சரியா தெரியலயே" என்று இழுத்தார் இரகுநாதன்.

தனேஸ்வரன் பல்லைக் கடித்தான். இரண்டு கொழுக்கட்டைகளும் குதித்து எழும்பின. முழங்கை மடங்க மடங்க, மண்புழுவாய் நெளிந்து, அங்குலம் அங்குலமாக மேலே ஏறினான். தாடை கொக்கியைத் தாண்டியது. முகம் தராசுக் கண்ணாடிக்கு நேரே வந்து நின்றது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர். கையை விட வழியில்லை.

மூக்கால் துடைத்தான்.