உறிக்கு மூன்று என்று பெயர் வைத்தார்கள்

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பஸ்ஸில் கால் மணி நேரம். ஆடி மாதம் அம்மன் கோயிலில் பெண்கள் பின்னல் கோலாட்டம் ஆடுவோம். உச்சியில் ஒரு வளையத்திலிருந்து எட்டுக் கயிறு தொங்கும். ஆளுக்கொரு கயிறும் கோலும் பிடித்து, நாலு பேர் வலமாக, நாலு பேர் இடமாக, ஒருத்தியை ஒருத்தி கடந்து ஆடினால் மேலே பின்னல் விழும். பின்னியதை அன்றைக்கே ஆடியே பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் கூழ் ஊற்றமாட்டோம். இத்தனை காலமும் அதற்குக் குரல் கொடுத்தது நான்.

எழுத்து எனக்கு அரைகுறை. ஆட்டம் முழுக்க வாயில் இருந்தது. சடை என்றால் ஒற்றைப் பின்னல், வலை என்றால் அகலப் பின்னல், உறி என்றால் பானை தொங்குமே, அதுபோல நடுவில் வயிறு விட்ட பின்னல். பெயரைச் சொன்னதும் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள், சரியாக விழுந்ததா என்று.

இந்த வருஷம் மகளிர் குழுத் தலைவி அதை மாற்றிவிட்டாள். என் கொழுந்தனுடைய மருமகள்தான். எட்டில் ஐந்து பேர் புதிதாக இந்த ஊருக்குக் கட்டிக்கொண்டு வந்தவர்கள், அவர்களுக்குப் பெயர் மனதில் நிற்கவில்லையாம். ஒரு தாளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக்கொண்டு வந்தாள்.

"பெரியத்த, நீங்க தாளம் போடுங்க, போதும்."

"உறிக்கு இன்னா நம்பர்டி?"

"மூணு."

"பின்னினத்தப் பிரிக்க?"

"மூணு, ரெண்டு, ஒண்ணு. ராக்கெட்டு வுடற மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். நான் தாளத்தை எடுத்துக்கொண்டேன். வரிசையைத் தலைகீழாகச் சொன்னால் மட்டும் பின்னல் பிரியாது. ஆளும் திரும்ப வேண்டும், கடைசியாக வெளிப்பக்கம் போனவளே முதலில் வெளிப்பக்கமாகத் திரும்பி வரவேண்டும். அதற்குத்தான் 'திரும்பு' என்று கத்துவேன். தாளில் அது இல்லை. ஒத்திகையில் பின்னியதோடு நிறுத்திவிட்டு, உலை வைக்க ஓடிவிட்டார்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை.

கூழ் ஊற்றும் நாளன்று பின்னல் அழகாகத்தான் விழுந்தது. பிறகு தலைவி "மூணு!" என்றாள். எட்டுப் பேரும் போன திசையிலேயே போனார்கள்.

"இன்னாடி, பின்னலு எறங்கிகினே வருது?"

"தலைய குனிடி, கோலு கண்ணுல குத்திடப் போவுது!"

தாளத்தைக் கீழே வைத்தேன். "நில்லுங்கடி! உறி, திரும்பு!"

பழைய ஆட்கள் மூன்று பேர் திரும்பினார்கள். புதியவள் ஒருத்தி ஆடிக்கொண்டே கேட்டாள், "ஆயா, அது எத்தினியாவது நம்பரு?" மற்றவர்களும் முன்னாலேயே போனார்கள். பின்னல் சிக்கி, ஒரே முடிச்சாகிவிட்டது. நான் அதட்ட அதட்ட இன்னும் இறுகியது.

"கூழு ஆறிப்போவுது, அறுத்து வுடுங்கம்மா" என்றார் பூசாரி. கத்திரிக்கோலும் வந்தது. முடிச்சுக்குக் கீழே எட்டுக் கயிற்றையும் அறுத்தார்கள்.

தலைவி ஒரு டம்ளர் கூழோடு என்னிடம் வந்தாள். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே, பெரியத்த?"

"நீ கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீங்களே நடுவுல வந்து நின்னுக்குவீங்கன்னு பயம்."

நின்றிருப்பேன்தான். டம்ளரை வாங்கிக்கொண்டேன், குடிக்கவில்லை. கயிறு அறுந்த முடிச்சு மேலே வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற ஏணி கொண்டு வாருங்கள் என்றேன். எல்லாரும் கூழ் வரிசையில் நின்றார்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.