வீடு மந்திரிக்க வந்த சாயங்காலம்

எங்கள் அன்பியத்தின் ஜெபக் கூட்டம் வாரத்துக்கு ஒரு வீட்டில் நடக்கும். பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி, ஜெபமாலை சொல்லி, வேதம் வாசித்து, டீ குடித்துவிட்டுக் கலைவோம். சின்ன காஞ்சிபுரத்தில் நாங்கள் வாடகைக்கு வந்தபின், ஏதேதோ சாக்கு சொல்லி எங்கள் முறையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அன்பியத் தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வாட்டி உங்க வூட்லதாம்மா. ஃபாதரும் வராரு. வந்ததுலேர்ந்து வூடு மந்திரிக்கவே இல்லியே நீ."

மந்திரிப்பதென்றால் ஃபாதர் ஒவ்வொரு அறையாகப் போய்த் தீர்த்தம் தெளிப்பார். எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை. படுக்கையறையில் ஒரே கட்டில்.

நாங்கள் என்றால் நானும் அவளும். நான் பங்குக்கோயில் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் பட்டுப்புடவைக்கு பார்டர் டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து தருகிறவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஊரின் மறுகோடியில் தறி நெய்கிறார்கள், சைவக் குடும்பம். என் தாத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் அவர்கள் தெருவில் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்திருக்க முடியாது. ஊருக்கு நாங்கள் ரூம்மேட். அவள் வீட்டாருக்கு நான் 'அந்த கிறிஸ்டியன் டீச்சர்'.

பள்ளிக்கூடத்தின் தாளாளரும் பங்குத்தந்தைதான். வீடு மந்திரிக்க வருகிறவர் கையில்தான் என் வேலையும் இருந்தது.

கூட்டத்தன்று மதியத்திலிருந்து வீட்டை மாற்றி அமைத்தோம். ஹாலில் ஒரு பாயைச் சுருட்டி வைத்து, அதன்மேல் அவளுடைய தலையணையைப் போட்டோம். அவள் துணிகளை ஹால் அலமாரிக்குக் கொண்டுவந்தோம். மகாபலிபுரம் கடற்கரையில் நாங்கள் எடுத்துக்கொண்ட போட்டோவை அரிசி டப்பாவுக்குள் வைத்தேன்.

"என் டூத் பிரஷ்ஷ எங்க ஒளிக்கிறது?" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

ஹால் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஜெபமாலை முடிந்து, அவள் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். பேங்க்கில் இருந்து ரிடையர் ஆன ஒரு பெரியவர் செல்போனைக் கையில் எடுத்தார்.

"ஃபாதர், வாட்ஸ்அப்ல ஒண்ணு சுத்திக்கினு இருக்குது. ஆம்பளையும் ஆம்பளையும் ஜோடியா வந்து நின்னா ஆசீர்வாதம் பண்ணலாம்னு ரோம்லயே சொல்லிட்டாங்களாம். நெஜமா?"

"அய்யோ, சேசுவே!" என்றார் ஒரு அம்மா.

சமையலறையில் டீ ஆற்றும் சத்தம் நின்றது.

ஃபாதர் நிதானமாகத்தான் பேசினார். "திருமணம்னா ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அது மாறல. அப்படி ஒரு ஈர்ப்பு இருக்கிறதையே பாவம்னு திருச்சபை சொல்லல. அந்த உறவுல வாழறதைத்தான் பாவம்னு சொல்லுது, கற்போட இருக்கச் சொல்லுது. அவங்களை மரியாதையா நடத்தணும், ஒதுக்கி வைக்கக்கூடாதுன்னும் அதே மறைக்கல்வி நூல்ல இருக்கு. ரோம் சொன்ன ஆசீர், அதைக் கேட்டு வர்ற மனுஷங்களுக்குத்தான். அவங்க சேர்ந்து வாழறதுக்கு இல்ல."

"போப்பாண்டவரு அவங்களுக்குச் சட்டம் வேணும்னு சொன்னாருங்களே?" பெரியவர் விடவில்லை.

"சட்டப் பாதுகாப்பு வேணும்னு பேசினார். அதைத் திருமணம்னு சொல்லல. அது சர்க்கார் சமாச்சாரம். நம்ம கோர்ட்டும் அது பார்லிமெண்ட் வேலைன்னு சொல்லிடுச்சு."

"எப்படியோ, நம்ம ஊருல அந்தக் கண்றாவியெல்லாம் இல்ல. அதுவரைக்கும் நல்லது" என்றார் பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து அவள் டீத் தட்டோடு வந்து நின்றாள். முதல் டம்ளரைப் பெரியவரிடம் நீட்டினாள்.

பிறகு ஃபாதர் எழுந்தார். தலைவி தீர்த்தப் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு பின்னால் போனார். ஹால் முடிந்தது, சமையலறை முடிந்தது. படுக்கையறை வாசலில் ஃபாதர் நின்றுவிட்டார். அவர் தோளுக்கு மேலாக நானும் பார்த்தேன். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் என் பாடுபட்ட சுரூபச் சிலுவையும் அவளுடைய காமாட்சி படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. தினமும் பார்த்துப் பார்த்து, அவை அங்கே இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

"அந்தப் பொண்ணு ஹால்லதானே படுக்குது? சாமி படத்த இங்க மாட்டிக்கினு இருக்குது?" என்றார் தலைவி.

"ஹால்ல ஆணி அடிக்க ஹவுஸ் ஓனர் விடலக்கா." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

ஃபாதர் திரும்பவே இல்லை. ஜெபத்தைத் தொடர்ந்தார். 'இந்த வீட்டில் வாழ்கிறவர்களை' என்று வரும் இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, பிறகு முடித்தார். தீர்த்தம் கட்டில் மேலும் விழுந்தது.

அடுத்த சில நாட்கள் ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர் மெதுவாகப் பேசினால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் பியூன் வந்து, "ஃபாதர் கூப்பிடறாரு டீச்சர்" என்றார். அந்த வராந்தாவில் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தேன்.

"உக்காரும்மா. நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. நீயும் ஒண்ணும் சொல்லாதே. தெரிஞ்சுகிட்டா, தாளாளரா நான் ஏதாவது செஞ்சாகணும்."

"யாராவது பேசறாங்களா ஃபாதர்?"

"இதுவரைக்கும் இல்ல."

அதோடு எழுந்து வந்திருக்கலாம். எங்கிருந்து துணிவு வந்ததோ, கேட்டேன். "பூசையில நான் நற்கருணை வாங்கலாமா?"

அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னைக் கேட்டா, திருச்சபை சொல்றதைத்தான் நான் சொல்ல முடியும். நீ சொல்லாம விட்டது உண்மையா இருந்தா, வாங்காதே."

"ஆசீர்?"

வெளியே யாரோ நடந்து போனார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். உதடு மட்டும் அசைய ஏதோ சொல்லிவிட்டு, சிலுவை போட்டார்.

"வெளிய சொல்லாதம்மா. தெரிஞ்சா எனக்கும் இங்க இருக்க முடியாது."

அந்த அறையில் பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்தி மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆசீர்வாதம் உனக்கு மட்டுமா?" என்றாள்.

"எனக்கு மட்டும்தான்."

நறுக்கியதைத் தட்டில் தள்ளினாள். "எங்க சாமி என்னை ஒண்ணும் கேக்காது. எங்க அண்ணன்தான் கேக்கறான். போன வாரம் மாப்ள ஜாதகத்த எடுத்துக்கினு ஆபீஸுக்கே வந்துட்டான். வேணான்னேன். எவன்னு சொல்லு, அவன நான் பாத்துக்கறேன்னான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஃபாதருக்கே பயந்துக்கினு கெடந்தே. இது வேறயா?"

அவன் 'எவன்' என்று கேட்டதுதான் எங்களை இன்றுவரை காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அது எத்தனை நாளைக்கு என்று இருவரும் பேசிக்கொள்வதில்லை. வாசலில் பைக் நின்றால் பேச்சை நிறுத்திவிடுவோம். பைக் போனபிறகு, எங்கே விட்டோம் என்று நினைவிருப்பதில்லை.

ஞாயிறு பூசைக்கு நான் இப்போதும் போகிறேன். நற்கருணை அப்பம் வாங்க வரிசை எழும்போது உட்கார்ந்தே இருக்கிறேன். என் முழங்காலைத் தாண்டி எல்லோரும் போகிறார்கள். ஒரு வாரம் தலைவி திரும்பிப் பார்த்தார். பூசை முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

"ஏம்மா, ஒடம்பு சரியில்லியா?"

"ஆமாக்கா."

என் முகத்தையே பார்த்தார். "சரி. இனிமே என் பக்கத்துல வந்து உக்காந்துக்க" என்றார்.

அவர் எதைத் தெரிந்துகொண்டு அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வாரமும் கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வைக்கிறார். நானும் போய் உட்காருகிறேன்.