சாம்பாருக்குப் போக இருந்த லில்லிக் கிழங்கு

இன்று கும்பகோணத்திலிருந்து திருவையாறு திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுக்காரரின் போன்.

"சாம்பார் வச்சுட்டேன். நீ மெதுவா வா."

சந்தோஷமாகத்தான் இருந்தது. "வெங்காயம் ஏது? நேத்தே தீந்துபோச்சே?"

"அடுப்படியில முறத்துல காய வச்சிருந்தியே, அதைத்தான் எடுத்தேன்."

அது வெங்காயம் இல்லை. மழைத் தண்ணீரில் அழுகிவிடக் கூடாதென்று தொட்டியிலிருந்து தோண்டி வைத்த ரெயின் லில்லிக் கிழங்கு. பார்க்கச் சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும். ஆனால் விஷம்.

"ஏங்க, வாயில வைக்காதீங்க! அது லில்லிங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"கத்தாதே. நாலு உரிச்சேன், கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல. வாசனையும் இல்ல. என்ன வெங்காயம் வாங்கினாளோன்னு எல்லாத்தையும் வாழைக்கிட்ட கொட்டிட்டேன். சாம்பார்ல வெறும் முருங்கைக்காதான்."

பாதி எழுந்திருந்தவள் அப்படியே உட்கார்ந்தேன். பக்கத்து சீட் அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் கிழங்குகளைப் பொறுக்கி, வாழைக்குப் பக்கத்திலேயே மண்ணை மேடாக்கி நட்டுவிட்டேன். பிறகுதான் சாப்பாடு.

வெங்காயமே இல்லாத சாம்பார் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று உங்களில் யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?