கணக்குப் பரீட்சைக்குக் கட்டைப் படகில்

போன வாரம் முழங்கால் வலிக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர். கதவில் 'எக்ஸாமினேஷன் ரூம்' என்று ஒட்டியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நர்ஸிடம் கேட்டார்: "ஏம்மா, உள்ளே பரீட்சையா? நான் ஒண்ணும் படிச்சுட்டு வரலையே..."

நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் கேட்டதில் என்ன தப்பு? இங்கிலீஷ்காரனுக்கு எல்லாமே எக்ஸாமினேஷன்தான். மாணவன் எழுதினாலும், டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னாலும், சுங்கத்தில் பெட்டியைக் குடைந்தாலும், கோர்ட்டில் வக்கீல் சாட்சியைக் குடைந்தாலும் ஒரே சொல். நாம்தான் பரீட்சை, பரிசோதனை, சோதனை, விசாரணை என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

இவற்றில் மூன்று ஒரே நாளில் எங்கள் வீட்டுக்கு வந்தன. ஐம்பதுகளின் தொடக்கம் அது.

ஊர் காத்திவாக்கம். எங்கள் குப்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்த முதல் பெண் நான். வந்தேனே தவிர, தாண்டவில்லை! மார்ச்சில் கணக்கில் கோட்டை விட்டேன். அக்டோபரில் மறுபடி எழுதலாம். நைனா — அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம் — கறாராகச் சொல்லிவிட்டார்: "இத்தோட சரி. இதுலயும் போச்சுன்னா, பழவேற்காட்டுலேர்ந்து கேட்டுக்கினு கீறாங்களே, அங்கியே கட்டிக் குடுத்துடுவேன்."

மாப்பிள்ளை நல்லவர்தானாம். எனக்குத்தான் டீச்சராக வேண்டும் என்று ஆசை.

பரீட்சைக்கு முந்தின நாள் பேய் மழை. தண்டவாளமெல்லாம் தண்ணீர், ரயில் வராது என்று சொல்லிவிட்டார்கள். பரீட்சையோ ராயபுரத்தில். "ரயிலே இல்லன்னா நாம இன்னா செய்றது?" என்றார் நைனா. குரலில் வருத்தம் கொஞ்சம் குறைச்சலாகவே இருந்தது.

அம்மா கூடையில் மீன் விற்பவள். பள்ளிக்கூட வாசலில்கூட விற்றிருக்கிறாள், உள்ளே போனதில்லை. அவள் சட்டென்று எழுந்தாள். "ரயிலு இல்லன்னா இன்னா? கால்வா கீதே!"

அப்போதெல்லாம் பக்கிங்ஹாம் கால்வாயில் வடக்கேயிருந்து சவுக்குக் கட்டை ஏற்றிய படகுகள் பட்டணத்துக்குப் போகும். அம்மாவுக்குத் தெரிந்தவரான ஏழுமலை மாமாவின் படகு அன்று எங்கள் பக்கம் ஒதுங்கியிருந்தது. அம்மா போய்க் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார், இழுத்தார், கடைசியில் "சரி, ஏறுங்க" என்றார். ஏன் அப்படி இழுத்தார் என்று அப்போது புரியவில்லை.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். மழை விட்டிருந்தது. வாடைக்காற்றில் ஒட்டுப்போட்ட பாய் புடைத்துக்கொண்டு நிற்க, கட்டைகளின் மேல் உட்கார்ந்து நான் சூத்திரங்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அம்மா என் ஹால் டிக்கெட்டை மடியில் செருகிக்கொண்டு, கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருவொற்றியூர் தாண்டியது. நேரம் நிறைய இருந்தது.

தண்டையார்ப்பேட்டைக்குப் பக்கத்தில் கரையிலிருந்து விசில். போலீஸ்!

மதுவிலக்குக் காலம். படகுகளில் சோதனை போடுவது வழக்கம்தான். ஒவ்வொரு கட்டையாகக் கரையில் எடுத்துப் போட்டார்கள். வெயில் ஏற ஏற, இன்னும் எத்தனை கட்டை பாக்கி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மணி அடித்து அரை மணிக்கு மேல் ஆனால் ஹாலுக்குள் விட மாட்டார்கள். மாமாவின் முகத்தைப் பார்த்தேன் — வெளுத்துக் கிடந்தது.

அடிக்கட்டைகளுக்குக் கீழே கறுப்பாக, கொழுகொழுவென்று மோட்டார் டியூப்கள். உள்ளே காற்றா இருக்கும்? சாராயம்.

"எல்லாரும் ஸ்டேஷனுக்கு நடங்க" என்றார் ஏட்டு.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மா அழவில்லை. ஹால் டிக்கெட்டை எடுத்து ஏட்டிடம் நீட்டினாள். "சாமி, இத்துக்கு இன்னிக்குப் பரீட்ச. என்னிய இட்டுக்கினு போ. எத்தினி நேரம் ஓணாலும் குந்திக்கினு கீறேன். இத்த வுட்டுடு."

"அது எப்படிம்மா? விசாரிக்கணும்ல?"

"என்னாண்ட விசாரி. அத்துக்கு என்னா தெரியுமோ அதான் எனக்கும் தெரியும்."

ஏட்டு டிக்கெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என்ன பரீட்சை?"

"கணக்கு சார்."

"முதல் தடவையா?"

"இல்ல சார்... ரெண்டாவது."

"கணக்கா..." என்று ஒரு பெருமூச்சு விட்டார். அவருக்கும் கணக்குக்கும் என்ன பழைய பகையோ! "ஓடு. நிக்காதே, ஓடு!"

ஓடினேன். பட்டணத்தில் தனியாக ஒரு தெருகூடக் கடந்ததில்லை. கேட்டுக் கேட்டு ஓடினேன். முழங்கால்வரை சேறோடு போய் நின்றபோது மணி அடித்துவிட்டிருந்தது. நல்லவேளை, அரை மணி ஆகவில்லை. வாசலில் நின்ற வாத்தியார் என் கால்களைப் பார்த்தார், இடத்தைக் காட்டினார்.

கேள்வித்தாளைப் பிரித்தால்... ஆற்றோட்டத்தில் போகும் படகின் வேகம் என்ன என்று ஒரு கணக்கு! அழுவதா சிரிப்பதா? அம்மாவை அடிப்பார்களோ, பூட்டி வைப்பார்களோ என்றே மனசு ஓடியது. ஆனால் அவள் அங்கே உட்கார்ந்திருப்பதே நான் இங்கே உட்காரத்தானே? கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன்.

முடித்துவிட்டு நேரே ஸ்டேஷனுக்கு ஓடினேன். அம்மா வராந்தாவில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் அப்போதுதான் வந்து விசாரித்துவிட்டுப் போகச் சொன்னாராம்.

"இன்னாம்மா கேட்டாங்க?"

"என்னென்னமோ கேட்டாங்கடி. தெரிஞ்சத்துக்குப் பதில் சொன்னேன். தெரியாதத்த தெரியாதுன்னேன். நீ இன்னா பண்ணே?"

யோசித்துப் பார்த்தேன். நானும் அதையேதான் செய்திருந்தேன்!

ஏழுமலை மாமா ஜெயிலுக்குப் போனார். அவர் வரும்வரை அவர் வீட்டுக்கு எங்கள் கூடையிலிருந்து மீன் போய்க்கொண்டிருந்தது. "அந்தாள் செஞ்சது தப்புதான். ஆனா நம்ம ஏத்திக்கினாரே" என்பாள் அம்மா. பயத்தில் தலையைச் சொறிந்த மனிதர் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே!

பேப்பரில் என் நம்பர் வந்தது. நைனா வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "பழவேற்காட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிடு, வாணாம்னு" என்றார். அதுதான் அவர் பாராட்டு.

அம்மா அன்று மீன் விற்கப் போன தெருவிலெல்லாம் நின்று நின்று சொன்னாளாம். பொண்ணு பாஸு என்று இல்லை...

"நாங்க பாஸு!"