தோளில் மூன்று விரல்கள்

“பொட்டி பத்தாமத்தானே புள்ள வெட்டியிருக்கான்?”

கம்பியூட்டர் திரையைக் காட்டி நாகலெட்சுமி அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். பதில் எனக்குத் தெரியும்.

2009ஆம் ஆண்டு தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில் வந்த ஞாயிற்றுக்கிழமை அது. ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் நான் தலவாக்கலையில் நல்லமுத்து அண்ணனின் கொமினிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். போட்டோகொப்பி எடுப்பது, வெளிநாட்டுக்கு கோல் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அண்ணனின் வேலை. கம்பியூட்டர் என்னுடையது. அந்த நாட்களில் அதில் எனக்கு வந்த வேலையில் பாதிக்குமேல் பேஸ்புக்குக்குப் படம் செய்து கொடுப்பதுதான்.

அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முகப்புப் படம் போடும் பெட்டியின் அகலம் இருநூறு புள்ளி, அதாவது பிக்சல். உயரம் அதைப்போல மூன்று மடங்கு வரை போகலாம். ஆளை நிற்கவைத்து எடுத்த படம் என்றால் தலை முதல் கால் வரை வரும். பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சதுரமாக ஒன்று தெரியும். அதற்கு மட்டும், படத்தில் எந்த இடம் தெரியவேண்டும் என்று இழுத்து வைக்கவேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் கொழும்புக் கடைகளில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வரும் பையன்களுக்கு வேண்டியது வேறு.

“தங்கச்சி, பின்னால லயத்துத் தகரம் தெரியுது. அத வெட்டிரு.”

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் தகரக் கூரை வரிசை வீடுகள். நான் வெட்டுவேன். தகரத்தின் இடத்தில் கடல் வரும், பனிமலை வரும். ஒருதரம் ஒருவனுக்குப் பனிமலை போட்டுக் கொடுத்தபோது அவனுடைய கூட்டாளி திரையைப் பார்த்துச் சிரித்தான். “டேய், சுவிஸ் மலைக்குப் பக்கத்துல ஒங்க ஆத்தா கோழி வெரட்டிக்கிட்டு நிக்கிதுடா. அதையும் வெட்டச் சொல்லு!” எல்லாரும் சிரித்தோம். அந்த அம்மாவையும் வெட்டினேன். ஒரு இளைஞர் மன்றத்துக்கு, அவர்களுடைய இணையத்தளத்தின் தலையில் போட நீளமான பேனர் படமும் செய்து கொடுத்திருக்கிறேன். அதில் மலை வந்தது, அருவி வந்தது, கோயில் கோபுரம் வந்தது. லயம் வரவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை, எனக்குத் தோன்றவும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் நாகலெட்சுமி அக்கா வந்தார்.

லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தின் கடைசி ஒற்றையறைக் காம்பராவில் இருப்பவர். என் சின்னம்மா வீடு அதே லயம் என்பதால் எனக்கு முன்பே பழக்கம். 1991இல் அவருடைய அம்மாவும் அப்பாவும் ஒருவர்பின் ஒருவராகக் காய்ச்சலில் போனார்கள். அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. தம்பி ஜீவராஜுக்கு ஒன்பது. அக்கா படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்தில் பேர் பதிந்தார். காலையில் தம்பியை எழுப்பி, ரொட்டி சுட்டுக் கொடுத்து, பள்ளிக்கூடத்துப் பாதையில் ஏற்றிவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவாராம். பெரட்டு என்றால் வேலைக்குப் போகும் முன் எல்லாரும் கூடி நிற்கும் இடம். அக்கா அங்கே வந்து நின்றால் கடைசி ஆள் வந்தாகிவிட்டது என்று அர்த்தம் என்று சின்னம்மா சொல்வார்.

பெண் கேட்டு இரண்டு இடத்தில் இருந்து வந்தார்கள். “தம்பி பாஸ் பண்ணட்டும்” என்றார். தம்பி பாஸ் பண்ணினான், ஹட்டனுக்குப் படிக்கப் போனான், பிறகு கம்பஸ் போனான். அதற்குள் பெண் கேட்டு வருவது நின்றுவிட்டது. இதை அக்கா குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

2006இல் பட்டமளிப்பு நடந்தது. அன்றுதான் அக்கா முதன்முதலாக ஸ்டூடியோவுக்குள் போனார். தம்பி கறுப்புக் கவுன் போட்டு நாற்காலியில் இருந்தான். படம் எடுத்தவர், “அக்கா பக்கத்துல நின்னு தோள்ல கைய வைங்க” என்றார். அக்கா வைக்கவில்லை. கொழுந்துக் கறை எத்தனை தரம் கழுவினாலும் விரலை விட்டுப் போகாது. கவுன் வாடகைக் கவுன். “கறை ஒட்டிரும்ங்க” என்றாராம். தம்பிதான் அவருடைய கையைப் பிடித்து இழுத்துத் தன் வலது தோளில் வைத்தான்.

அதற்குப் பிறகு ஜீவராஜுக்குக் கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஒரு வருடம் மாதாமாதம் வந்தான். பிறகு பெரிய நாள்களுக்கு மட்டும் வந்தான். கல்யாணம் முடிந்ததைப் போனில் சொன்னான். சும்மா கையெழுத்துத்தான், யாருக்கும் சொல்லவில்லை என்றான். பிறகு நம்பர் மாறியது. 2009 தீபாவளிக்கு அக்கா பலகாரம் சுட்டு வைத்திருந்தார். அவன் வரவில்லை.

அடுத்த வேலை நாளில் பெரட்டில் பக்கத்து வீட்டு ராசம்மா எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். “என்னா நாகு, ஒந் தம்பி பேஸ்புக்குல அந்தப் போட்டோவ போட்டிருக்கானாமே. எம் மகன் பாத்தானாம். ஒன்னய வெட்டிப்புட்டுப் போட்டிருக்கானாம்ல?”

“எந் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல” என்று சொல்லிவிட்டு அக்கா கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தார். ஸ்டூடியோப் படத்தை ஷொப்பிங் பேக்கில் சுற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

தேடினேன். ஜீவராஜ் கிடைத்தான். அதே படம்தான். கறுப்புக் கவுன், சிரிப்பு, வெள்ளைக் கொலர். பக்கத்தில் நின்றவர் இல்லை. வலது தோளில் மட்டும் மூன்று விரல்கள் தெரிந்தன. ஆள்காட்டி விரல் நகத்தில் ஒரு வெடிப்பு இருந்தது.

அக்கா திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார். தன் கையைத் தூக்கி அந்த நகத்தையும் பார்த்தார்.

“ஏங் கைதான்” என்றார். குரலில் சந்தோஷம்கூட இருந்தது. அதற்குப் பிறகுதான், பொட்டி பத்தாமத்தானே என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் மவுஸை அங்கும் இங்கும் நகர்த்தினேன். அக்காவே பதிலும் சொல்லிக்கொண்டார்.

“சின்னப் பொட்டிதானே. ரெண்டு பேரு எங்குட்டுப் பத்தும்? நீ இதெல்லாம் செய்யிற புள்ளதானே, ரெண்டு பேரும் பத்துற மாதிரி ஒன்னு செஞ்சி தா. அனுப்பி வைப்போம். அவனுக்கு வேல கூட. ஒக்காந்து செய்ய நேரமிருக்காது.”

படத்தை ஸ்கேன் பண்ணினேன். அகலத்தை இருநூறு என்று போட்டேன். இரண்டு பேரும் முழுதாக வந்தார்கள். அக்காவின் மூக்குத்திகூடத் தெரிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் நான் நிறுத்தவில்லை. கஷ்டமான வேலை போலப் பெரிதாக்கினேன், சின்னதாக்கினேன், திரும்பவும் முதலில் இருந்து செய்தேன்.

நல்லமுத்து அண்ணன் போட்டோகொப்பி மிஷினுக்குப் பக்கத்தில் இருந்து எட்டிப்பார்த்தார். “இதுக்கு என்னாத்துக்கு இந்தப் பாடு? அப்படியே போடலாமே, தாராளமா…”

நான் அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டார். “ஹரி ஹரி, சரி நீயே பாத்துக்க” என்று மிஷின் பக்கம் திரும்பினார். அக்காவின் காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்கா பெயரிலேயே ஒரு கணக்குத் திறந்து அந்தப் படத்தைப் போட்டேன். சின்னச் சதுரத்துக்கு யாருடைய முகத்தை வைப்பது என்று கேட்டேன்.

“அவன் மொகத்த வையி.”

“ஒங்க பேருக்குப் பக்கத்துல வர்றது அக்கா. ஒங்க மொகம்தான் இருக்கணும்.”

“என்னய யாரு தேடப்போறா? அவனயே வையி.”

வைத்தேன். ஜீவராஜுக்கு நண்பராகச் சேரும்படி வேண்டுகோள் அனுப்பினேன். கூடவே அக்கா சொல்லச் சொல்ல ஒரு செய்தியும் எழுதினேன். ‘தம்பி, பொட்டி பத்தலன்னு வெட்டியிருப்ப. பரவாயில்ல. இந்தப் புள்ள பத்துற மாதிரி செஞ்சி குடுத்திருக்கு. எடுத்துப் போட்டுக்க. ராசம்மா மகன் பாப்பான்.’

“அவ்வளவுதானாக்கா?”

“சாப்பிட்டியான்னு கேளு.”

அதையும் எழுதினேன்.

அடுத்த ஞாயிறு பதில் இல்லை. “வேல கூட” என்றார் அக்கா. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. சந்தைச் சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகும்வரை கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். வருகிற பையன்கள் படம் வெட்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தகரத்த வெட்டு” என்று அவர்கள் சொல்லும்போது நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு மழை. அக்கா நனைந்துகொண்டு வந்தார். பக்கத்தைத் திறந்தேன். படம் மாறியிருந்தது.

உயரமான கண்ணாடிக் கட்டடம். அதற்கு முன்னால் ஜீவராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கூலிங் கிளாஸ் போட்டிருந்தான். தனியாகத்தான் நின்றான். இரண்டு பக்கமும் நிறைய இடம் இருந்தது. பழைய படம் அவனுடைய அல்பத்திலும் இல்லை. நாங்கள் அனுப்பிய வேண்டுகோளுக்குப் பதில் இல்லை.

அக்கா நெடுநேரம் பார்த்தார்.

“கொஞ்சம் எளைச்சிருக்கான்” என்றார்.

பிறகு, “அந்தப் பழசு ஒங்கிட்ட இருக்கா?” என்று கேட்டார்.

“ரெண்டு பேரும் இருக்கிறதாக்கா? இருக்கு. பெருசா பிரின்ட் போட்டுத் தரவா?”

“அதுதான் செவுத்துல மாட்டியிருக்கேனே. அது இல்ல. அவன் வெட்டினது.”

நான் முதல் ஞாயிறே அதைக் கம்பியூட்டரில் எடுத்து வைத்திருந்தேன். ஆனாலும் எனக்கு விளங்கவில்லை. “அதுல நீங்க இல்லியேக்கா” என்றேன்.

“வெரலு இருக்குல்ல? அத வெட்டாம அவனாத்தானே விட்டிருந்தான்.”

அடையாள அட்டைப் படத்தின் அளவில் அச்சடித்துக் கொடுத்தேன். அக்கா அதை பேர்ஸுக்குள் வைத்து, பேர்ஸை சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். பெட்டி பத்தாமல்தானே என்று பிறகு ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை. பெரட்டில் ராசம்மா கேட்டால் மட்டும், “அந்தப் பொட்டி ரொம்ப சின்னதுடி, நான் போயி பாத்தேன்” என்று சொல்வதாகச் சின்னம்மா சொன்னார்.

நான் இப்போது அந்தக் கடையில் இல்லை. அக்காவின் கணக்கு இன்னும் இருக்கிறது. எப்போதாவது திறந்து பார்ப்பேன். நண்பர்கள் யாரும் இல்லை. அனுப்பிய வேண்டுகோள் அப்படியே நிற்கிறது. அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய தம்பி சிரித்துக்கொண்டிருக்கிறான்.

இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது அக்கா ஒன்றுதான் கேட்டார். “அவன் பேர போட்டுறாத புள்ள. வேல செய்யிற எடத்துல நாலு பேரு சிரிப்பாங்க.” ஆகவே ஜீவராஜ் என்பது அவனுடைய பெயர் இல்லை. அக்காவின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை. நீங்கள் தேடினாலும் அவன் கிடைக்கமாட்டான்.

ஆனால் படித்தால் அவனுக்குத் தெரியும். வாடகைக் கவுனையும், வலது தோளையும், நகத்தில் இருந்த வெடிப்பையும் அவன் மறந்திருக்கமாட்டான். இது அவனிடம் போய்ச் சேர எனக்கு வேறு வழி தெரியவில்லை. வாசித்து முடித்ததும் இதை ஒருவரிடம் கொடுங்கள். அவரையும் இன்னொருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். கொழும்பில் இருக்கும் யாரிடமாவது கொடுத்தால் இன்னும் நல்லது.

அக்கா இந்தத் தீபாவளிக்கும் பலகாரம் சுடுவார்.