ஏழாவது கேள்வி

ஏழாவது கேள்விக்குக் கீழே மூன்று வெற்றுக் கோடுகள் இருக்கும். பணம் யாரிடமிருந்து, எதற்காக வந்தது என்பது கேள்வி. ஆபத்தானவை என்று வங்கி பட்டியலிட்டிருக்கும் நாடுகளிலிருந்து பணம் வந்தால், வாடிக்கையாளரைக் கேட்டு நிரப்ப வேண்டிய படிவம் அது. மலாக்காக் கிளையின் முகப்பு மேசையில் உட்கார்ந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் மூன்று முறை அந்தக் கோடுகளை நானே நிரப்பியிருக்கிறேன். மூன்றும் ஒரே ஆளுக்காக.

தெங்கேராவில் சாயக்கடை வைத்திருந்தவர் அவர். உறவில்லை, ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். என் கல்யாணத்தில் இரண்டு நாள் பந்தியைக் கவனித்தவர். அவரிடம் போய், இந்தக் காசு ஏது என்று எப்படிக் கேட்பது? 'குடும்ப உதவி' என்று நானே எழுதி, கையெழுத்துக்கு மட்டும் நீட்டினேன். எங்களுக்குள் அது மரியாதை.

விதிப்படி வேலை நடக்கிறதா என்று பார்க்கத் தலைமையகம் ஓர் அதிகாரி அம்மாவை அனுப்பியது. யாழ்ப்பாணக் குடும்பம், என்னைவிட ஆறு வயது இளையவர். மூன்று படிவங்களையும் என் மேசையில் வரிசையாக வைத்தார்.

"அண்ணை, இந்தப் பதில் உங்கட எழுத்து. அவர் சொன்னது எங்கே?"

"தெரிஞ்ச மனுசன் மேடம். முப்பது வருசப் பழக்கம்."

"அவரைத் தெரியும். காசு அனுப்பினவனைத் தெரியுமோ?"

தெரியாது. ஓய்வுக்கு ஒன்பது ஆண்டு, வீட்டுக் கடனுக்கு எட்டு ஆண்டு மீதி. வேலை போய்விடும் என்று பயந்தேன். அதிகாரி அம்மா மூன்றாவது தொகையை வெளியே விடாமல் நிறுத்திவிட்டு, மாமாவை வரவழைத்து என்னையே கேட்கச் சொன்னார். பதினோரு நிமிடம் சுற்றி வளைத்து, கடைசியில் கேட்டேன்.

"என்னடா, என்னைய திருடன்னு நெனச்சிட்டியா?" என்றார் மாமா. பிறகு குரல் இறங்கியது. "சாயம் வாங்க வந்த பையன் லா. அவன் அக்கவுண்டுல ஏதோ பிரச்சனைன்னு சொன்னான். காசு என் அக்கவுண்டுக்கு வரும், எடுத்துக் குடுத்தா எனக்குக் கொஞ்சம் தருவான். நல்ல பையன். எங்கேருந்து வருதுன்னு எப்படிக் கேக்குறது?"

அவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு மரியாதைகளுக்கு நடுவில் யாரோ ஒருவனுடைய திருட்டுப் பணம் இரண்டு முறை நல்ல பணமாகி வெளியே போயிருந்தது. மூன்றாவது நின்றதால்தான் அந்தப் பையன் மீதான வழக்கில் மாமா நீதிமன்றத்தில் சாட்சியாக நின்றார். இல்லாவிட்டால் குற்றவாளிக் கூண்டு. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை தப்பியது. மாமா மட்டும் தம் மகள் கல்யாணத்துக்கு என்னை அழைக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. ஆனால் அதன்பின் ஓய்வு பெறும் நாள்வரை யாருக்காகவும் அந்தக் கோடுகளை நான் நிரப்பியதில்லை.

போன வாரம் அதே கிளைக்குப் போனேன். என் மகளுக்கு இப்போது அந்தப் பட்டியலில் உள்ள ஒரு நாட்டில் வேலை. என் கண் சிகிச்சைக்குப் பணம் அனுப்பியிருந்தாள். நாற்பத்து மூன்று நிமிடம் காத்திருந்ததில் முழங்கால் விறைத்துவிட்டது. முகப்பிலிருந்த பெண் என்னை அடையாளம் கண்டு சிரித்தாள்.

"அங்கிள், நீங்க இங்க வேலை செஞ்சவருதானே? ஏழாவத நானே எழுதிக்கிறேன் லா. சைன் மட்டும் போடுங்க."

பேனாவை நீட்டினாள். வாங்கியிருந்தால் இரண்டு நிமிடத்தில் வீடு திரும்பியிருக்கலாம்.

"கேளும்மா. நான் சொல்றேன்."

கேட்டாள். மகளின் பெயர், அவள் வேலை, மருத்துவமனைச் சீட்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொன்னபடியே எழுதினாள். மூன்று கோடுகளில் இரண்டரை நிரம்பியது.